கணைய சி.டி. ஸ்கேன்: பரவி வந்த புற்றுநோயைப் பிடிப்பதில் எவ்வளவு தேறுகிறது?

ஸ்கேன் சென்டர் பில்லில் ‘சி.இ.சி.டி. அப்டமன்’ (கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் வயிற்று சி.டி.) என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேறு பரிசோதனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில், கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை (ரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் அயோடின் மருந்து) ஏற்றி, 70 விநாடி கழித்து வயிற்றை ஒரே ஒரு தடவை படம் எடுப்பார்கள். மற்றதிலும் அதே மருந்து, அதே மெஷின்தான். ஆனால் 40ஆவது விநாடி வாக்கில் ஒரு தடவை, 70ஆவது விநாடி வாக்கில் இன்னொரு தடவை எடுப்பார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்ட நோயாளியின் கணையத்தில் பரவல் இருக்கிறதா என்று பார்க்க முதல் வகை பல நேரம் போதாது. இரண்டாவது வகை நன்றாகவே வேலை செய்கிறது. இந்த மதிப்புரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. ‘பை-ஃபேசிக்’ என்றும் ‘பாங்க்ரியாஸ் புரோட்டோகால்’ என்றும் அதைச் சொல்வார்கள். மருந்து ஏற்றிய பின் ஒவ்வொரு தடவை எடுப்பதும் ஒரு ‘ஃபேஸ்’: 40ஆவது விநாடி வாக்கில் எடுப்பது தமனி ஃபேஸ், 70ஆவது விநாடி வாக்கில் எடுப்பது சிரை ஃபேஸ்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எத்தனை, பக்கத்து ரத்தக் குழாய்களைத் தொடுகிறதா என்ற கேள்விகளுக்கு, ஒழுங்காக எடுத்த சி.டி. நம்பத்தக்க பதில் தரும். அந்தக் கட்டி கணையத்திலேயே பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு அது வலுவான ஊகத்தைத் தரும், முடிவான பதிலைத் தராது. இந்த வித்தியாசம் தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிப்பதால்தான் பல குடும்பங்கள் தேவையில்லாமல் கலங்குகின்றன, சிலர் தேவையான நேரத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

கணையத்துக்குப் பரவும் புற்றுநோய் அடிக்கடி வருவதல்ல. கணையத்தில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் 2 முதல் 5 சதவீதம்தான் வேறு உறுப்பிலிருந்து வந்தவை என்று மருத்துவ நூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். சிறுநீரகம், நுரையீரல், மார்பகம், பெருங்குடல், தோலில் வரும் மெலனோமா ஆகியவைதான் கணையத்துக்கு அதிகம் அனுப்புகிறவை. இவற்றில் சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தனி இடம் உண்டு, குறிப்பாக ‘கிளியர் செல்’ வகைக்கு. அது சில சமயம் கணையத்தை மட்டும் தேடிப் போய், மற்ற உறுப்புகளை விட்டுவைத்து, பல ஆண்டுகள் அமைதியாக வளரும். சிறுநீரகத்தை எடுத்து பத்து ஆண்டு கழித்துக் கணையத்தில் கட்டி தெரிவது ஆச்சரியமல்ல. இருபது ஆண்டைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, மஞ்சள் காமாலையும் இருக்காது. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில்தான் அகப்படும்.

அதனால்தான் இந்தச் சேவையின் தரம் ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே, டாக்டர் எழுதும் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ‘வயிற்று வலி, சி.இ.சி.டி. அப்டமன்’ என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு ஒற்றை ஃபேஸ்தான் கிடைக்கும். அதில் டெக்னீஷியனின் தவறு எதுவுமில்லை. ‘2011இல் இடது சிறுநீரகம் அகற்றப்பட்டது, கிளியர் செல் கார்சினோமா, கணையத்தில் பரவல் உள்ளதா’ என்று எழுதிய சீட்டுக்கு, விவரம் தெரிந்த எந்த சென்டரிலும் இரண்டு ஃபேஸ் எடுப்பார்கள். நோயாளி தன் பழைய ஆபரேஷனை மறந்திருக்கலாம், “அதெல்லாம் சரியாகிவிட்டதே” என்று சொல்லாமலும் விட்டிருக்கலாம். கூட வருகிறவர்தான் கவுன்ட்டரில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலைச் சீட்டோடு இணைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

30 விநாடி வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு கட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கணையத்தின் வால் பகுதியில் 12 மில்லிமீட்டர் அளவில் சிறுநீரகப் புற்றின் பரவல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றாத படத்தில் கணையமும் கட்டியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். இரண்டும் 40 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு வாக்கில் இருக்கும். (தண்ணீரைப் பூஜ்யமாகவும் காற்றைக் கழித்தல் ஆயிரமாகவும் வைத்த அளவுகோல் இது. 1971இல் முதல் நோயாளியின் தலையை சி.டி. எடுத்த மெஷினை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது.) மருந்து ஏற்றி 40ஆவது விநாடியில் கணையம் 100, 110க்கு ஏறுகிறது. கட்டிக்குள் புதிய தமனிகள் நெருக்கமாக இருப்பதால் அது 160, 170 வரை போய், வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிகிறது. 70ஆவது விநாடிக்குள் கட்டியில் ஏறிய மருந்து வடியத் தொடங்கி, அதுவும் கணையமும் நூறை ஒட்டி வந்து நிற்கின்றன. அந்தப் படத்தில் கட்டி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குப் புலப்படாது. ஒற்றை ஃபேஸ் ஸ்கேனில் தவறிப்போவது இப்படித்தான். வருடா வருடம் ஃபாலோ-அப் ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்து, ஒரு வருடம் திடீரென்று மூன்று சென்டிமீட்டர் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், பழைய படங்களில் தமனி ஃபேஸ் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

நுரையீரல், பெருங்குடல், மார்பகத்திலிருந்து வரும் பரவல்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அவை மருந்தைக் குறைவாகவே வாங்கும். சுற்றியுள்ள கணையம் பளிச்சென்று இருக்கும்போது கருத்த பள்ளமாகத் தெரியும். அதற்கும் கணையம் உச்சத்தில் ஒளிரும் 40 முதல் 45 விநாடி நேரமே உதவுகிறது. 70ஆவது விநாடிப் படம் கல்லீரலுக்கும், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரைக்கும் வேண்டும். கல்லீரலில் உள்ள பரவல்கள் அதில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே ஒன்றைக் கைவிட்டு மற்றதை எடுப்பது சரிவராது, இரண்டும் வேண்டும்.

எடுக்கும் முறை

ரத்தத்தில் கிரியாட்டினினும், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) முதலில் வேண்டும். ஒரே சிறுநீரகம் இருப்பதாலேயே கான்ட்ராஸ்ட் கூடாது என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். அது சரியல்ல. மீதமுள்ள சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் தாராளமாக ஏற்றலாம். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருந்தால்தான் நெஃப்ராலஜி டாக்டரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையையும் அந்த நிலையில்தான் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள், சர்க்கரை நோயாளிகள் அனைவரும் நிறுத்த வேண்டியதில்லை.

ஸ்கேனுக்கு முன் குடிக்கக் கொடுப்பது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. மேஜையில் படுக்கும் முன் கடைசியாக ஒரு டம்ளர். தண்ணீர் வயிற்றையும், சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தையும் விரித்து, கணையத் தலையின் ஓரத்தைத் தெளிவாகக் காட்டும். பல இடங்களில் பழக்கத்தின் பேரில் வெள்ளையாகத் தெரியும் வாய்வழிக் கான்ட்ராஸ்டைக் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். கணையப் பரிசோதனைக்கு அது கெடுதல். டியோடினம் முழுக்க வெள்ளையாகிவிட்டால், அதை ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? “கணையத்துக்காக எடுக்கிறோம், தண்ணீர் போதுமா?” என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஊசியின் அளவும் முக்கியம். மருந்து விநாடிக்கு 4 மில்லிலிட்டர் வேகத்தில் போக வேண்டும், அதற்கு முழங்கை மடிப்பில் 18 கேஜ் பச்சை அல்லது 20 கேஜ் பிங்க் வென்ஃப்ளான் (சிரையில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய்) வேண்டும். வார்டில் ஏற்கெனவே புறங்கையில் போட்டிருக்கும், அதைவிட மெல்லிய 22 கேஜ் நீல நிற வென்ஃப்ளானையே பயன்படுத்தினால், வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டிவரும். மருந்து மெதுவாகப் போனால் தமனியில் அதன் செறிவு ஏறாது, கட்டி ஒளிராது. படம் எடுத்திருப்பார்கள், ஆனால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. கீமோ போர்ட் (கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்திய குழாய்) இருப்பவர்கள் அதிலேயே ஏற்றச் சொல்வதுண்டு. அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட போர்ட்டைத் தவிர மற்றதில் பிரஷர் இன்ஜெக்டரை இணைக்கக் கூடாது, குழாய் வெடித்துவிடலாம்.

அளவு எடையைப் பொறுத்தது. மில்லிலிட்டருக்கு 350 மில்லிகிராம் அயோடின் உள்ள மருந்தென்றால் கிலோவுக்கு ஒன்றரை மில்லி என்பது வழக்கம். 60 கிலோ எடைக்கு 90 மில்லி. விநாடிக்கு 4 மில்லி என்றால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று விநாடியில் முழுதும் ஏறிவிடும். பின்னாலேயே 30, 40 மில்லி சலைன் தள்ளினால் கைச் சிரையில் தேங்கிய மருந்தும் இதயத்துக்குப் போய்ச் சேரும். எல்லோருக்கும் ஒரே 80 மில்லி என்று வைத்திருக்கும் இடத்தில் 85 கிலோ நோயாளியின் கணையம் மங்கலாகத்தான் வரும்.

அடுத்தது நேரம். கடிகாரத்தைப் பார்த்து 40ஆவது விநாடியில் எடுப்பதைவிட ‘போலஸ் டிராக்கிங்’ முறையே மேல். உதரவிதானத்துக்குக் கொஞ்சம் கீழே மகாதமனியில் ஒரு சிறு வட்டம் போட்டுவைத்து, மருந்து வந்து அது 100 அலகைத் தொட்டதும் 20 விநாடி வாக்கில் காத்திருந்து ஸ்கேனைத் தொடங்குவார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மருந்து வந்துசேரவே பத்துப் பதினைந்து விநாடி கூடுதலாகலாம். நிலையான நேரத்தை வைத்து எடுத்தால் அவர்களுக்குத் தமனி மட்டும் ஒளிர்ந்து, கணையம் இன்னும் இருட்டாகவே இருக்கும். ஒரு ஃபேஸ் சரியான நேரத்தில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க எளிய அடையாளம் உண்டு. மகாதமனி நன்றாக வெள்ளையாக இருக்க வேண்டும், கணையம் கல்லீரலைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும், போர்ட்டல் சிரையில் லேசாக மருந்து வந்திருக்க வேண்டும், கல்லீரலுக்குள் ஓடும் ஹெபாட்டிக் சிரைகள் இருட்டாகவே இருக்க வேண்டும். ஹெபாட்டிக் சிரைகளும் நிரம்பிவிட்டால் வண்டி போய்விட்டது, அது தமனி ஃபேஸ் அல்ல.

முதல் ஃபேஸ் உதரவிதானத்திலிருந்து சிறுநீரகங்களின் அடிப்பகுதி வரை போதும். இரண்டாவதுதான் அடிவயிறு வரை வயிறு முழுக்க. இப்படி எடுத்தால் கதிர்வீச்சு மிச்சம். ஒரு ஃபேஸுக்குச் சுமார் 8 மில்லிசீவர்ட் என்று வைத்தால், இரண்டு ஃபேஸ் 15ஐ ஒட்டி வரும். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஓராண்டில் கிடைக்கும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். சும்மா ‘செக்-அப்’ என்று இதை எடுக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே காரணம். புற்றுநோய் இருந்தவருக்கு, கேள்வி தெளிவாக இருக்கும்போது, இந்தக் கூடுதல் ஃபேஸ் நியாயமான செலவு.

“மூச்சை இழுத்துப் பிடிங்க” என்ற ரெக்கார்டிங்குக்கு நோயாளி தயாராக இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாம் வீண். கணையம் மூச்சோடு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவுவதும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றுவதும் இயல்பு. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் திடுக்கிட்டு மூச்சை விட்டுவிடுவார்கள், அதுவும் சரியாகத் தமனி ஃபேஸ் ஓடும் நேரத்தில். மேஜையிலேயே இரண்டு தடவை மூச்சுப் பயிற்சி கொடுக்கும் டெக்னீஷியன் இருக்கும் இடத்தை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம்.

மெஷினில் எத்தனை ஸ்லைஸ் (ஒரே சுற்றில் எடுக்கும் படத் துண்டுகள்) என்பதற்கு விளம்பரங்களில் கிடைக்கும் முக்கியத்துவம் மிகை. 16 ஸ்லைஸ் மெஷினில் நேரம் தவறாமல் எடுத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பிரித்த படம், 128 ஸ்லைஸ் மெஷினில் ஒற்றை ஃபேஸ் எடுத்து 5 மில்லிமீட்டரில் பிரித்த படத்தைவிட எவ்வளவோ மேல். டூயல் எனர்ஜி மெஷின் (இரு வேறு ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர்களால் எடுப்பது) கிடைத்தால் மட்டும் உண்மையான ஆதாயம் உண்டு. 40, 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு இறக்கிய படங்களில் அயோடின் பல மடங்கு துலக்கமாகத் தெரியும், ஏனெனில் அயோடின் எக்ஸ்-கதிரை அதிகம் விழுங்கும் புள்ளியான 33 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அது நெருக்கம். சிறு கட்டிகளுக்கு அது பயன்படுகிறது.

படத்தைப் படிப்பது

பரவல் கணையத்தில் மூன்று வடிவங்களில் வரும். ஒற்றைக் கட்டியாக வருவதே அதிகம், பாதிக்கும் மேற்பட்டவை அப்படித்தான். தனித்தனியாகப் பல முடிச்சுகள் என்பது குறைவு, ஆனால் பார்த்தவுடன் பரவல் என்று சந்தேகிக்க வைப்பது அதுதான். மூன்றாவது, கணையம் முழுக்க வீங்கிப் பருத்திருப்பது. நுரையீரலின் ‘ஸ்மால் செல்’ வகையும், நிணநீர் செல்களின் புற்றான லிம்ஃபோமாவும் இப்படி வரும். சில சமயம் கணைய அழற்சி என்றே முதலில் சிகிச்சை நடக்கும். மதுப் பழக்கமோ பித்தப்பைக் கல்லோ இல்லாத, புகைபிடிக்கும் ஒருவருக்குக் கணைய அழற்சி என்றால் மார்பையும் சேர்த்து சி.டி. எடுப்பது நல்லது.

ஒற்றைக் கட்டிதான் குழப்பம் தரும். கணையத்திலேயே பிறக்கும் புற்றில் வழக்கமான வகையான அடினோகார்சினோமா, மருந்தை வாங்காத கருத்த கட்டி. அது கணைய நாளத்தை (சீரண நீர் ஓடும் குழாய்) நெரித்து, பின்னால் உள்ள நாளத்தை வீங்கவைத்து, அந்தப் பகுதிக் கணையத்தைச் சுருங்கவைக்கும். தமனியையும் சிரையையும் சுற்றிவளைக்கும். சிறுநீரகத்திலிருந்து வந்தது இவற்றில் எதையும் பெரும்பாலும் செய்யாது. உருண்டையாக, ஓரம் தெளிவாக, நாளத்தைத் தள்ளிக்கொண்டு இருக்கும். பெரிதானால் நடுவில் ரத்த ஓட்டமில்லாமல் கருத்து, ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும். ஆகவே இந்த இரண்டையும் பிரிப்பது எளிது. பெருங்குடல் அல்லது நுரையீரலிலிருந்து வந்த ஒற்றைக் கட்டியை அடினோகார்சினோமாவிலிருந்து பிரிப்பதுதான் கடினம். அங்கே சி.டி.யை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஒளிரும் கட்டிக்கும் போட்டியாளர்கள் உண்டு. கணையத்தின் ஹார்மோன் செல்களில் பிறக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி தமனி ஃபேஸில் அதேபோல் ஒளிரும். ஃபான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் புற்றும் வரும், கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டியும் வரும். பழைய சிறுநீரகப் புற்று இருக்கிறது என்பதாலேயே கணையத்தில் உள்ளதையும் பரவல் என்று எழுதிவிட்டால் அவர்களுக்கு அநியாயம். கணையத்தில் நீர்க்கட்டிகளும் சேர்ந்து இருந்தால், வயது குறைவாக இருந்தால், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தால் அந்த வழியில் யோசிக்க வேண்டும். நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு அடையாளமான குரோமோகிரானினை ரத்தத்தில் பார்ப்பவர்கள், நோயாளி பான்டோபிரசோல் போன்ற அமில மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். அந்த மாத்திரையே அளவைக் கூட்டிக் காட்டும்.

வால் பகுதியில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான, உருண்டையான ஒளிரும் முடிச்சு என்றால், அது பரவலே அல்லாமல் கணையத்துக்குள் சிக்கிய குட்டி மண்ணீரலாக இருக்கலாம். பிறவியிலேயே இருப்பது, தீங்கில்லாதது. இதைப் பிரிக்கப் பொறுமை மட்டும் வேண்டும். எல்லா ஃபேஸிலும் அந்த முடிச்சின் அலகையும் பக்கத்து மண்ணீரலின் அலகையும் அளந்து பார்த்தால் இரண்டும் கைகோத்து ஏறி, கைகோத்து இறங்கும். தமனி ஃபேஸில் மண்ணீரல் வரிக்குதிரைபோலக் கோடு கோடாகத் தெரிவது வழக்கம், முடிச்சு ஓரளவு பெரிதாக இருந்தால் அதிலும் அந்தக் கோடுகள் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் சூடேற்றிய சிவப்பணுக்களில் டெக்னீசியம் ஏற்றி எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் தீர்த்துவைக்கும். நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைத் தேடும் கேலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேனை இதற்காக எடுக்காதீர்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டியும் அதில் ஒளிரும், மண்ணீரல் திசுவும் ஒளிரும், சில சிறுநீரகப் பரவல்களும் ஒளிரும். குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கணையத் தலையை ஒட்டிய நெறிகட்டிகளில் காசநோய் வந்தால் அது அச்சு அசலாகக் கணையக் கட்டிபோலவே தெரியும். ஓரம் ஒளிர்ந்து நடுவில் கருத்து, ஒன்றோடொன்று ஒட்டிய முடிச்சுகள் என்றால், அது கணையத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கொரோனல் படத்தில் (உடலை முன்பக்கமிருந்து பார்ப்பதுபோல் பிரித்த படம்) இடையிலுள்ள கொழுப்பின் கோட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையால் எதிர்ப்புசக்தி குறைந்தவருக்குக் காசநோய் வருவதும் சகஜம்தான்.

படிப்பவர் திரையில் வைக்கும் விண்டோவும் (கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுகளின் எல்லை) முடிவை மாற்றும். வயிற்றுக்கு வழக்கமான 400 அகலத்தில் 160க்கும் 110க்கும் உள்ள வித்தியாசம் மெலிந்துபோகும். அகலத்தை 200க்குக் குறைத்து, நடுவை 100 வாக்கில் வைத்தால் கட்டி எழுந்து நிற்கும். இதனால்தான் ஃபிலிமை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டாவது கருத்து சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. ஃபிலிமில் விண்டோவை மாற்ற முடியாது. மெஷின் பதிவுசெய்த முழு டிஜிட்டல் படங்களும் (டைகாம்) வேண்டும்.

எங்கே சறுக்குகிறது?

ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவை, குறிப்பாக ஒளிராதவை, சி.டி.யில் தவறும். எண்ணிக்கையிலும் சி.டி. குறைத்தே சொல்லும். இரண்டு என்று ரிப்போர்ட் வந்தவருக்கு ஆபரேஷன் மேஜையில் கணையத்தின் மேல் நேரடியாக அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும்போது மூன்றாவது, நான்காவது தென்படுவதுண்டு. ஆகவே கணையத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கத் திட்டமிடுகிறவர்கள், டிஃப்யூஷன் படங்களோடு (திசுவில் நீர் நகர்வதைக் காட்டுபவை) எம்.ஆர்.ஐ.யோ எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டோ பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றி எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.யை எல்லாவற்றுக்கும் மேலான பரிசோதனை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல், மெலனோமா பரவல்களுக்கு அது நல்ல துணை. கிளியர் செல் வகை சர்க்கரையைச் சில சமயம் வாங்காமலே இருந்துவிடும், அதனால் பெட்டில் ஒளிரவில்லை என்பது நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டியின் வகையைப் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் திசு வேண்டும். எண்டோஸ்கோப்பை வயிற்றுக்குள் செலுத்தி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே 22 கேஜ் ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். சிறுநீரகப் பரவலில் ரத்தக் குழாய்கள் அதிகம், எடுக்கும் சாம்பிளில் ரத்தமே நிறைய வந்துவிடும். அதனால் பெத்தாலஜி சீட்டில் பழைய புற்றின் பெயரை எழுதியே ஆக வேண்டும். எழுதியிருந்தால் அவர்கள் சிறுநீரகப் புற்றைக் காட்டும் பாக்ஸ்-8 போன்ற ஸ்டெயினையும் (திசுவின் சாயச் சோதனை), நியூரோஎண்டோகிரைனுக்கான சினாப்டோஃபைசினையும் சேர்த்துப் போடுவார்கள். எழுதாவிட்டால் இருக்கும் கொஞ்ச திசுவும் வேறு ஸ்டெயின்களுக்கே தீர்ந்துவிடும். பழைய ஆபரேஷனின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்துவைத்த திசு) எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று தெரிந்துவைத்து, வாங்கிக்கொண்டு போய் ஒப்பிடச் சொல்லலாம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், பெயர் மாறினால் நோயாளியின் பாதையே மாறிவிடும் என்பதுதான். கணைய அடினோகார்சினோமா என்றால் கீமோவும் பெரிய ஆபரேஷனும் உடனே பேசப்படும், எதிர்பார்ப்பும் குறைவு. சிறுநீரகப் பரவல் கணையத்தில் மட்டும் இருந்தால் வெட்டியெடுத்தோ, சுனிடினிப், பசோபனிப் போன்ற ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளாலோ, சிலருக்குச் சிறிது காலம் வெறுமனே கண்காணித்தோ பல ஆண்டுகள் வாழ வைக்க முடிகிறது. ‘கணையத்தில் கட்டி’ என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டு நம்பிக்கையிழந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

மருந்தால் வரும் அலர்ஜி பற்றி ஒரு வார்த்தை. முன்பு கான்ட்ராஸ்டுக்குத் தடிப்பு வந்தவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். 13, 7, 1 மணி நேரம் முன்னதாக என மூன்று தடவை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, கடைசியில் அலர்ஜி மருந்தும் சேர்த்து ஸ்கேன் எடுப்பது வழக்கமான ஏற்பாடு. முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள், வென்ஃப்ளானை அதற்குப் பிறகு எடுக்கட்டும். அட்ரினலின் எட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

நல்ல ரிப்போர்ட் என்றால் அதில் எந்தெந்த ஃபேஸ் எடுக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே இருக்கும். ஒவ்வொரு கட்டியும் தலை, கழுத்து, உடல், வால் இவற்றில் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எந்த ஃபேஸில் அளந்தது, நாளத்தின் அகலம் எவ்வளவு, குடலுக்கான பெரிய ரத்தக் குழாய்களான மேல் மெசென்டெரிக் தமனியையும் சிரையையும் தொடுகிறதா, தொட்டால் சுற்றளவில் எத்தனை பாகை என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும். ‘கணையத்தில் புண், மேற்கொண்டு பரிசோதிக்கவும்’ என்று ஒரே வரியில் முடிந்தால் திரும்பிப் போய்க் கேளுங்கள். ரேடியாலஜிஸ்டை நேரில் பார்க்க அனுமதிக்கும் சென்டர்கள் இருக்கின்றன, ஐந்து நிமிடப் பேச்சில் பல சந்தேகங்கள் தீரும்.

ஃபாலோ-அப்பில் ஒரே ஃபேஸை ஒரே ஃபேஸோடுதான் ஒப்பிட வேண்டும். போன தடவை சிரை ஃபேஸில் 14 மில்லிமீட்டர், இந்தத் தடவை தமனி ஃபேஸில் 18 என்றால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஓரம் இப்போது நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மாறாமல் ஒளிர்வு மட்டும் குறைந்து, கட்டி உள்ளே கருத்துப்போவதுண்டு. அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அளவை மட்டும் எழுதும் ரிப்போர்ட்டில் அது தெரியாமலே போகும். ஆகவே முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே முறையில் எடுங்கள். சென்டரை மாற்ற வேண்டி வந்தால் பழைய டைகாம் படங்களைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய், ஸ்கேன் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். தமனி ஃபேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஸ்கேன் முடிந்த பிறகு கொடுத்தால் எடுக்காமல் விட்ட ஃபேஸை மறுபடி எடுக்க இன்னொரு ஊசி போட வேண்டியிருக்கும்.